கொரோனா நெறிமுறைகள் மாறும்போது காரணத்தையும் வட்டாரக் கணக்கையும் சேர்த்து வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.
2. இயக்குநர் அவர்கள், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை.
3. ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: கொரோனா தொற்றின் வட்டார நிலவரத்தை வாரந்தோறும் வெளியிடவும், நெறிமுறை மாற்றங்களைக் காரணத்துடன் அறிவிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. அன்று முதல் முகக்கவசம், தனிமைப்படுத்தல், பரிசோதனை, தடுப்பூசி ஆகிய எல்லாவற்றிலும் அரசின் வழிகாட்டுதல் பலமுறை மாறியிருக்கிறது. மாறியதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. புதிய கிருமியைப் பற்றிய அறிவு வளரும்போது அறிவுரையும் மாறத்தான் வேண்டும். எங்கள் முறையீடு வேறு. மாற்றம் வரும்போது அது ஏன் வந்தது, எந்தக் கணக்கை வைத்து வந்தது, எங்கள் பகுதிக்கு எவ்வளவு பொருந்தும் என்ற மூன்றும் மக்களுக்கு எப்போதும் சொல்லப்படுவதில்லை. இவற்றைச் சொல்வதை அரசின் நிலையான நடைமுறையாக்க வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

மாற்றங்களில் பெரும்பாலானவை நியாயமானவை என்பதற்குச் சான்றுகள் உண்டு. நோய் பரவத் தொடங்கிய நாட்களில், நலமாக இருப்போருக்கு முகக்கவசம் தேவையில்லை என்றே சொல்லப்பட்டது. 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டில் தைத்த முகக்கவசத்தைப் பரிந்துரைத்தது. ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனமும் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அறிகுறி தெரியாதவரிடமிருந்தும் கிருமி பரவும் என்று புலப்பட்டதே இதற்குக் காரணம். வீட்டுத் தனிமைக் காலம் 2020 மே மாதத்தில் 17 நாட்களாக இருந்தது; ஜூலையில் 10 நாட்களாகவும், 2022 ஜனவரியில் 7 நாட்களாகவும் குறைந்தது. திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட கிருமிநாசினிச் சுரங்கப்பாதை பல ஊர்களுக்கும் பரவியது. மனிதர் மேல் மருந்து தெளிப்பதால் உடலுக்குள் இருக்கும் கிருமி சாகாது, கண்ணுக்கும் தோலுக்கும் கேடுதான் வரும் என்ற விளக்கத்தோடு அதே மாதத்தில் அது கைவிடப்பட்டது. காரணம் எளிதாகவும் தெளிவாகவும் இருந்ததால், சுரங்கப்பாதைகளை அகற்றியதை யாரும் எதிர்க்கவில்லை.

காரணம் சொல்லப்படாத இடங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையிலான காலம் முதலில் 4 முதல் 6 வாரமாக இருந்தது. 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரமாகவும், மே 13 அன்று 12 முதல் 16 வாரமாகவும் நீட்டிக்கப்பட்டது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் மேம்படும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகள் இருந்தன. ஆனால் அந்த மே மாதத்தில்தான் தடுப்பூசிக்குக் கடும் தட்டுப்பாடும் நிலவியது. ஆய்வுச் சான்று மக்கள் மொழியில் விளக்கப்படாததால், கையிருப்பு இல்லாததை மறைக்கவே தேதி தள்ளப்பட்டது என்று பலர் நம்பினர். 2022-இல் முகக்கவச அபராதத்திலும் இதுவே நடந்தது. ஜனவரியில் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தப்பட்ட அபராதம் ஏப்ரல் தொடக்கத்தில் தளர்த்தப்பட்டது. சென்னை ஐஐடி வளாகத்தில் தொற்று கூடியதும் அதே மாதத்தில் மீண்டும் வந்தது. எத்தனை பேருக்குத் தொற்று வந்தால் விதி திரும்பும், எத்தனையாகக் குறைந்தால் நீங்கும் என்ற வரம்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தால், அதை அதிகாரிகளின் மனமாற்றமாக மக்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

வட்டாரக் கணக்கின் பயனையும் தமிழ்நாடே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. 2020-இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் அன்றாடச் செய்திக்குறிப்பு மாவட்டவாரியாகத் தொற்றுகளைத் தந்தது; ஒவ்வோர் இறப்புக்கும் வயது, பாலினம், இணைநோய் ஆகியவற்றைப் பெயரில்லாமல் பதிவு செய்தது. சென்னை மாநகராட்சி அன்றைய 15 மண்டலங்களுக்கும் தனித்தனியாக எண்ணிக்கை வெளியிட்டது. ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் நிலைமை கடுமையாக இருப்பதை அங்கு வாழ்வோர் அந்தக் கணக்கைப் பார்த்தே அறிந்தனர். கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் போன விதம் தெரிந்ததும், சந்தை மூடப்பட்டுக் காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாறியது. சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகளை 2020 ஜூலை 22 அன்று அரசே கணக்கில் சேர்த்தது. அந்த அறிவிப்பால் அரசுக்குச் சங்கடம் இருந்திருக்கும். ஆனாலும் அதன்பின் வந்த எண்களுக்கு மதிப்பு கூடியது. விரைவுச் சோதனைகளை நாடாமல் ஆர்டி–பிசிஆர் முறையிலேயே உறுதியாக நின்றதும் இம்மாநிலத்தின் கணக்குக்கு வலு சேர்த்தது.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. கிருமி முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பரில் அதன் ஜேஎன்.1 வகை இந்தியாவுக்கு வந்தது. 2025 கோடையில் என்பி.1.8.1 உள்ளிட்ட வகைகளோடு தொற்று ஏறி, ஜூன் மாதத்தில் நாடு முழுவதும் சிகிச்சையில் இருந்தோர் எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டியது. அப்போது மத்திய சுகாதார அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் மாநில அளவிலான மொத்த எண்கள் மட்டுமே இருந்தன. மாநில மொத்தம் நாளிதழுக்குத் தலைப்பாகும், குடும்பத்துக்கு வழிகாட்டாது. டயாலிசிஸ் செய்துகொள்பவரும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும், சர்க்கரை நோயுள்ள முதியவரும் இந்த வாரம் கூட்டமான திருமணத்துக்குப் போகலாமா, காய்ச்சல் வந்தால் உடனே சோதிக்க வேண்டுமா என்று முடிவெடுக்கத் தங்கள் பகுதியின் நிலவரம் தெரிய வேண்டும். அது தெரியாதபோது சிலர் தேவையின்றி அடைந்து கிடக்கிறார்கள்; சிலர் தேவையானபோதும் அசட்டையாக இருக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைக்கு எழக்கூடிய மறுப்புகளில், எண்களை வெளியிட்டால் பீதி பரவும் என்பது முதலாவது. அனுபவம் இதற்கு மாறானது. 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று அரசே அறிவித்தது. அந்த நாட்களில் மக்களைக் கலங்கடித்தது அறிவிக்கப்பட்ட எண் அன்று. எந்த மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கை காலியாக உள்ளது என்பது தெரியாமல் போனதே. அதனால்தான் அரசு படுக்கை விவரங்களுக்கு ஒருங்கிணைந்த கட்டளை மையத்தை நிறுவியது. அதிகாரபூர்வ எண் இல்லாத இடத்தை வாட்ஸ்அப் வதந்தி நிரப்பிக்கொள்ளும். பதற வேண்டாம் என்ற அறிவுரைக்குப் பக்கத்தில் பதறாமல் இருப்பதற்கான ஆதாரமும் இருந்தால்தான் அது மனத்தில் நிற்கும்.

இப்போது சோதனையே குறைவு, ஆகவே எண்ணிக்கை உண்மையைக் காட்டாது என்பது இரண்டாவது மறுப்பு. இது பாதி சரி. அதனால்தான் தொற்று எண்ணிக்கையை மட்டும் நாங்கள் கேட்கவில்லை. எத்தனை சோதனைகளில் எத்தனை உறுதியாயின, கடும் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தோர் எத்தனை பேர், அவர்களில் கொரோனா எத்தனை, இன்ஃப்ளூயன்ஸா எத்தனை என்ற விகிதங்கள் சோதனை குறைந்தாலும் போக்கைக் காட்டும். யாரும் சோதனைக்கு வராவிட்டாலும் கழிவுநீர் பேசும். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வாரம் ஒருமுறை மாதிரி எடுத்தால் நகரின் பெரும்பகுதியில் கிருமியின் ஏற்ற இறக்கம் தெரியும். மரபணுப் பகுப்பாய்வுக்கு 2021 செப்டம்பரிலேயே தேனாம்பேட்டையில் மாநில அரசு தன் சொந்த ஆய்வகத்தைத் தொடங்கிவிட்டது. கருவியும் ஆளும் இருக்கின்றன. முடிவுகள் மக்களுக்கு வந்து சேரும் வழிதான் இல்லை.

பணிச்சுமை, தனியுரிமை என்ற இரண்டும் மெய்யான கவலைகள். நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் மருத்துவமனைகள் இணையத் தளத்தில் ஏற்கெனவே பதிவிடும் விவரங்களையே வெளியிடக் கேட்கிறோம். கிராமச் சுகாதாரச் செவிலியருக்கோ மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளருக்கோ புதிய படிவம் ஒன்றும் வேண்டாம். தனியுரிமையைப் பொறுத்தவரை, தொற்று வந்தோரின் வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டியதும் தெருவைத் தகரத்தால் அடைத்ததும் குடும்பங்களை அவமானத்துக்கு ஆளாக்கின. அத்தகைய அறிவிப்புகளைப் பொதுவாக ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது. எனவே வட்டார எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவாக இருந்தால் 'ஐந்துக்குள்' என்று மட்டும் குறிப்பிட்டால் போதும்.

இதற்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்ல இயலாது. பொது சுகாதாரம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளது. 1939 முதல் இம்மாநிலத்துக்குத் தனிப் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது; முகக்கவச அபராதமும் அதன் கீழ்தான் வந்தது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய உண்மைகளைத் தாமாகவே வெளியிடவும், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்கவும் பொது அதிகார அமைப்புகளைக் கடமைப்படுத்துகிறது. நாங்கள் கேட்பது சட்டம் ஏற்கெனவே விதித்த கடமையைத்தான்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்:

1. மாவட்டவாரியாகவும், சென்னையில் மண்டலவாரியாகவும், சோதனைகள், உறுதியான விகிதம், மருத்துவமனைச் சேர்க்கை, இறப்பு ஆகியவற்றை ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் தமிழில் வெளியிட வேண்டும்.

2. ஒவ்வொரு நெறிமுறை ஆணையிலும் மாற்றத்துக்கான காரணம், அடிப்படைச் சான்று, பொருந்தும் பகுதி, மறுஆய்வுத் தேதி ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். பழைய நெறிமுறையில் எது நீங்கியது என்பதும் தெளிவாக்கப்பட வேண்டும்.

3. முகக்கவசம் போன்ற கட்டுப்பாடுகள் எந்த நிலையில் வரும், எந்த நிலையில் நீங்கும் என்ற வரம்புகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கு மட்டும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கிய 2023 ஏப்ரல் 1 நடைமுறைபோல, ஆபத்து மிகுந்த இடத்துக்கே கட்டுப்பாடு என்ற நெறி முதலில் வர வேண்டும்.

4. சென்னையில் மேற்குறிப்பிட்ட நான்கு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கிருமிக் கண்காணிப்பை நிலையாக நடத்தி முடிவுகளை வெளியிட வேண்டும்.

5. முதியோர், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயாளிகளுக்கான பரிசோதனை, தடுப்பூசி, சிகிச்சை அறிவுரைகளைத் தனிக் குறிப்பாக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நியாயவிலைக் கடைகளிலும் ஒட்ட வேண்டும்.

6. முந்தைய கணக்கில் திருத்தம் நேர்ந்தால், 2020 ஜூலையில் செய்ததுபோல் திருத்தத்தையும் அதன் காரணத்தையும் அரசே அறிவிக்க வேண்டும்.

அடுத்த ஏற்றம் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வரும்போது ஆணைகளுக்கு மக்கள் செவிசாய்ப்பது, தொற்று தாழ்ந்திருக்கும் இன்றைய நாட்களில் அரசு ஈட்டும் நம்பிக்கையைப் பொறுத்தது. வாராந்திர வெளியீட்டை இந்தக் காலத்திலேயே தொடங்குமாறும், இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்குமாறும் வேண்டுகிறோம். வெளியாகும் தகவலைத் தெருவாரியாக மக்களிடம் கொண்டு சேர்க்கும் பணியைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று உறுதி கூறுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
சென்னை.