ரத்தக் கொதிப்பும் தலைவிதியும்

ரத்தக் கொதிப்பு ஏன் வந்தது என்று கேட்டால் நமது ஜனங்கள் மூன்றே பதில்தான் வைத்திருக்கின்றார்கள். தலைவிதி என்பார்கள், அப்பனுக்கும் இருந்தது என்பார்கள், இல்லாவிட்டால், ஆள் கோபக்காரன் என்பார்கள். மாத்திரை எழுதுகிறவரும் பெரும்பாலும் இதற்குமேல் விசாரிப்பதில்லை. மூன்று மாத்திரைக்கும் அழுத்தம் இறங்காவிட்டால் நாலாவது மாத்திரை. அதற்கும் இறங்காவிட்டால் குலதெய்வம்!

ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலில் லிங்கத்தின் மேல் தேனை ஊற்றினால் அம்மன் உருவம் தெரிகின்றதாம். அதைக் காண ஜனங்கள் காத்து நிற்கின்றார்கள். கல்லில் என்ன தெரிகின்றதென்று பார்க்க இவ்வளவு ஆவல் கொண்டவர்கள், தங்கள் ரத்தத்தில் என்ன தெரிகின்றதென்று பார்க்க ஆவல் கொள்ளாததேன் என்று கேட்கின்றோம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் என்னும் சுரப்பி இருக்கின்றது. அதில் ஊறும் ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் உடம்பில் உப்பைப் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை மூத்திரத்தில் தள்ளும். அளவு மீறினால் அழுத்தம் ஏறும். சிலருக்குப் பொட்டாசியம் குறைந்து கை கால் துவண்டுபோகும். அப்படித் துவண்டவனைத்தானே “காற்றுப்பட்டது” என்று வேப்பிலை அடிக்கின்றோம்? 1954-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையின் டாக்டர் ஜெரோம் கான், இவ்விதம் அவதிப்பட்ட 34 வயது ஸ்திரீ ஒருவரைச் சோதித்து, குற்றம் சுரப்பியில்தான் என்று முன்கூட்டியே சொன்னார். அறுத்துப் பார்த்தபோது கட்டி இருந்தது. எடுத்தார்கள், அழுத்தம் இறங்கிற்று. வேப்பிலைக்கு அங்கு வேலையில்லை.

இது லட்சத்தில் ஒருவருக்கு வருவதன்று. கொதிப்புக்காரர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இருக்கின்றார்கள். காலையில் எடுத்த ரத்தத்தில் ரெனின், ஆல்டோஸ்டீரோன் இரண்டையும் அளந்து, முன்னது அடங்கிப் பின்னது ஓங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு ஸ்கேன் முதலியவை. ஒரு பக்கத்துச் சுரப்பி மட்டும் கெட்டிருந்தால் அறுவை. இரண்டுமானால் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை. கொதிப்புள்ள எல்லோருக்குமே இதைச் சோதிக்கலாமென்று 2025-ல் எண்டோகிரைன் சொசைட்டி என்னும் நிபுணர் சங்கம் யோசனை சொல்லிவிட்டது. திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு வருமானால் அதற்கு வேறு சோதனை உண்டு. அதை முனி அடித்ததென்று விட்டுவிடாதீர்கள்.

சர்க்கார் 2021-ல் “மக்களைத் தேடி மருத்துவம்” என்று ஆரம்பித்து வீட்டு வாசலில் கொதிப்பு மாத்திரை கொடுத்தது. சந்தோஷமே. 2022-ல் கள்ளக்குறிச்சிக்கு மெடிக்கல் காலேஜும் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கூலிக்காரனுக்கு மாத்திரை மட்டும் போதுமா? காரணமும் சொல்ல வேண்டாமா?

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை; நிறுத்தினால் ஆபத்து. அடுத்த தடவை வாங்கும்போது, “ஐயா, எனக்கு ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் அவருடைய அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.