ஆய்வு செய்பவர் முதலில் பாடம் எடுக்கட்டும்

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காக 2025-26இல் தமிழக அரசு தொடங்கிய ‘திறன்’ திட்டம் நல்ல திட்டம். தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் அடிப்படை மதிப்பீடு நடத்தி, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பதில் என்ன குறை? குறை, ‘மீளாய்வு’ என்ற பெயரில் நடப்பதில். திரையில் சதவீதம் ஓடுகிறது. கடைசி இடத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நிற்கிறார். கூட்டம் முடிகிறது. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய பிள்ளையின் நோட்டை யாரும் புரட்டுவதில்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று தெரிந்து, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். அவளுக்குக் கழித்தல் தெரியும், இடமதிப்பு தெரியாது. அந்த நோட்டை நடுவில் வைத்து நான்கு ஆசிரியர்கள் அரை மணி நேரம் பேசினால், அதுதான் மீளாய்வு.

ஹரியாணாவில் 2012-13இல் நடந்ததைக் கல்வித் துறையில் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். குருட்சேத்திரம், மகேந்திரகர் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் பிரதம் என்ற தொண்டு நிறுவனமும் அரசும் சேர்ந்து, வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து, தினம் ஒரு மணி நேரம் இந்தி கற்பித்தன. இந்தியில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதே மாவட்டங்களில், அதே காலத்தில், தொடர் மதிப்பீட்டு முறையும் சோதிக்கப்பட்டது. பலன் இல்லை. அளந்துகொண்டே இருந்தால் பிள்ளை வளராது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஹரியாணாவில் இந்த வாசிப்புத் திட்டம் வெற்றி பெற்ற பள்ளிகளை மேற்பார்வையிட்டவர்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்கு முன், தாங்களே பள்ளிக்குப் போய் 15 முதல் 20 நாள் பாடம் எடுத்தார்கள். எந்த இடத்தில் பிள்ளை சிக்கும் என்று கையால் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். அதன் பிறகுதான் ஆசிரியரிடம் பேசினார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் 2013-14இல் பிரதம் ஊழியர்களும் ஊர்த் தன்னார்வலர்களும் பள்ளிக்குள்ளேயே 10 நாள், 20 நாள் முகாம்களாக மொத்தம் 50 நாள் நடத்தினார்கள். பத்தியோ கதையோ வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் பங்கு, முகாம் நடக்காத பள்ளிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. முகாமின் பலமே அதன் குறுகிய காலம்தான். முதல் நாள் எழுத்துக்கூட்டியவன் பத்தாம் நாள் எங்கே இருக்கிறான் என்பது ஆசிரியருக்குக் கண்ணெதிரே தெரியும். பலன் தராத முறையை அடுத்த முகாமுக்குள் மாற்றிவிடலாம். ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்கும் வகுப்பறையில் இந்த வாய்ப்பு கிடையாது.

பிள்ளைகளைப் பிரித்தால் முத்திரை விழும் என்கிறார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பத்தி வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைவிடக் கொடிய முத்திரை உண்டா? பாடத்திட்டம் முடியாது என்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்குப் பாடத்திட்டம் தொடங்கவே இல்லை.

தமிழகத்திலும் ஜூனில் 10 நாள், காலாண்டுத் தேர்வுக்குப் பின் 10 நாள், அரையாண்டுக்குப் பின் 10 நாள் முகாம் வேண்டும். ஆசிரியப் பயிற்றுநர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் அந்த 30 நாளும் ஏதேனும் ஒரு குழுவுக்குப் பாடம் எடுக்க வேண்டும். முகாம் முடிந்த மறுநாள் குறுவள மையத்தில் பிள்ளைகளின் நோட்டுகளோடு கூட வேண்டும். அங்கே திரை வேண்டாம். பாடம் எடுக்காத அலுவலருக்கு ஆய்வுக் கூட்டம் நடத்தும் அதிகாரம் இருக்கக் கூடாது. இதைச் செய்தால், தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் வெகுவாகக் குறைவார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அரசாணை வரட்டும்.