காளையின் காலடியில் பிறந்த நதி

பெங்களூர் பசவனகுடியில், ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தியின் காலடியில் ஒரு நதி பிறப்பதாக ஐதீகம். பெயர் விருஷபாவதி. விருஷபம் என்றால் காளை. கார்த்திகையில் அங்கே கூடும் கடலைக்காய்த் திருவிழாவுக்கு வருகிறவர்களில் நதியைத் தேடுபவர் அரிது. தேடினாலும் கிடைக்காது. சுற்றிலும் வீடுகள்.

நதி கண்ணில் படுவது மைசூர் ரோட்டில், காளி ஆஞ்சநேயர் கோவிலருகே. கன்னடத்தில் ‘காளி’ என்றால் காற்று. அங்கு இப்போது வீசும் காற்றைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது. பெருமழையில் கோவிலுக்குள்ளேயே சாக்கடை நீர் புகுந்ததுண்டு.

பெங்களூர் மேட்டில் அமைந்த நகரம். அருகில் பெரிய நதி இல்லை. அர்க்காவதியில் 1894இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் குடிநீர் எடுத்தார்கள். அது போதாமல், 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றுகிறார்கள். இத்தனை செலவில் மேலேறும் காவிரி, குளியலறையும் சமையலறையும் சுற்றிவிட்டு, நகரின் மேற்குப் பக்கத்தில் விருஷபாவதி வழியாகக் கீழிறங்குகிறது. பீன்யா தொழிற்பேட்டையின் கழிவும் சேர்ந்துகொள்கிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமல் இல்லை. நகரம் அவற்றைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. செத்த நதி என்கிறார்கள். தண்ணீருக்கு மட்டும் அதில் பஞ்சமே இல்லை, கடுங்கோடையிலும்.

இந்த வினோதம் முழுதாகப் புரிவது பிடதி அருகே, பைரமங்கலத்தில்தான். பாசனத்துக்காக 1940களில் நதியை மறித்துக் கட்டிய ஏரி அது. மழை பொய்த்த ஆண்டிலும் அங்கே நீர் உண்டு. மேற்பரப்பில் வெள்ளை நுரை. அந்த நீரில் மல்பெரியும் பேபி கார்னும் மாட்டுத்தீவனப் புல்லும் விளைகின்றன. கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. சாக்கடையை நிறுத்தச் சொன்னால் பயிர் காயும். ஓடவிட்டால் கிணறு கெடும். இரண்டில் எதைக் கேட்பது என்பது விவசாயியின் சங்கடம். நகரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பைரமங்கலம் தாண்டி விருஷபாவதி அர்க்காவதியில் சேர்கிறது. மேலே வறண்டுவிட்ட அர்க்காவதியிடம் இதைக் கரைத்துக்கொள்ள நல்ல நீர் இல்லை. கனகபுரத்துக்குத் தெற்கே, சங்கமத்தில், அது காவிரியில் கலக்கிறது. பிறகு மேகேதாட்டு, ஒகேனக்கல், மேட்டூர். இரு மாநிலங்களும் பல பத்தாண்டுகளாக டி.எம்.சி. கணக்கில் சண்டையிட்டு வருகின்றன. வருகிற நீர் எப்படிப்பட்டது என்று கேட்டுத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது 2015இல்தான்.