காலி ஜூஸ் டப்பாவும் கலை அந்தஸ்தும்

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடந்து உருண்டுட்டு இருக்கற விஷயம். கொஞ்சம் காரமா வரும், பொறுத்துக்கோங்க.

நான் படிக்கறதுல பிரிண்ட்மேக்கிங்கும் ஒரு பாடம். செம்புத் தகட்டுல ஊசியால கீறி, கீறல்ல மை ஏத்தி, மேல இருக்கற மையைத் துடைச்சு, ஈரத்தாளை வச்சு அழுத்தி எடுக்கற படம். (சின்ன வயசுல வெண்டைக்காயைக் குறுக்க வெட்டி மையில தோய்ச்சு நோட்டெல்லாம் பூவா அச்சடிச்சு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டோமே, அதோட பெரியக்கா :-)) தகடு விக்கற விலைக்கு என்னை மாதிரி பார்ட் டைம்ல வயித்தைக் கழுவற ஆளுக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால ஜூஸ் டப்பாவுல கீறறேன். குரோய்டன் லண்டன் ரோட்டுல நம்ம ஈழத்து மக்கள் கடையில மாம்பழ ஜூஸ் விப்பாங்களே, அந்த ஒரு லிட்டர் டப்பா.

நான் கண்டுபிடிச்சது இல்லீங்க, உலகம் பூரா செய்யறாங்க. டப்பாவைப் பிரிச்சுக் கழுவி விரிச்சா உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அதுல மெல்லிசா அலுமினியம், பிளாஸ்டிக், அடியில அட்டை. காம்பஸ் முனையால கீறினா கோடு. பிளேடால ஓரத்தை வெட்டி அந்த வெள்ளித் தோலை மட்டும் உரிச்செடுத்தா, அட்டை மையைக் குடிச்சு கன்னங்கரேல்னு வரும். கல்லூரி பிரஸ்ல இடம் கிடைக்கலையா, வீட்ல பாஸ்தா மாவு தேய்க்கற குட்டி மெஷின் போதும். டப்பாவோட மடிப்புக்கோடு மட்டும் எப்படியும் படத்துல விழுந்துடும், மறைக்க முடியாது. அதனால மடிப்பைப் பார்த்துட்டுத்தான் படத்தையே யோசிக்கணும். என்னோட கிழக்கு குரோய்டன் படத்துல அது டிராம் கம்பியா ஆயிடுச்சு. செம்புல செஞ்சிருந்தா அந்தக் கம்பி அந்த இடத்துல வந்தே இருக்காது.

இப்ப கோவத்துக்கு வர்றேன்.

படத்தைப் பார்த்த ஒரு பெரிய மனுஷர் சொன்னார்: "பழகறதுக்கு நல்லா இருக்கு, ஆனா விக்கற சரக்கு இல்ல. குப்பையில செஞ்சது நிலைச்சு நிக்காதே." அதுக்கு அடுத்த வாரமே ஒரு கலைச்சந்தையில இதே மாதிரி டப்பா பிரிண்ட்டைப் பார்த்தேன். பச்சை இலை போட்ட லேபிள், 'பூமிக்கு நல்லது'ன்னு வாசகம், சுத்தி பளபள பிளாஸ்டிக் உறை! ஒருத்தருக்கு அது குப்பை, இன்னொருத்தருக்கு அது புண்ணியம். படத்தைப் பார்க்க ஆளில்ல.

முதல்ல அந்த 'நிலைக்காது'. தகடு வேற, தாள் வேற சாமி. டப்பா அழியும், நிஜம்தான். பத்து பிரதி எடுக்கறதுக்குள்ள கோடெல்லாம் நசுங்கிடும். ஆனா வாங்கறவர் வீட்டுக்குப் போறது டப்பா இல்லையே, தாள்தானே? படத்தோட ஆயுசு தாளிலயும் மையிலயும் இருக்கு. இன்னொண்ணு, செம்புத் தகட்டுல 'இத்தனை பிரதிதான்'னு கணக்கு வச்சு அடிச்சு முடிச்சதும், மேல அடிக்கக்கூடாதுன்னு தகட்டுல வேணும்னே கோடு கிழிச்சுக் கெடுக்கற வழக்கம் உண்டு. என் டப்பா அந்த வேலையையும் தானே செஞ்சுக்குது :-)

தாளுக்கு வருவோம். மறுசுழற்சின்னாலே மட்டம்னு ஒரு நினைப்பு இருக்கு. பழைய நியூஸ்பேப்பரை அரைச்சுச் செஞ்ச தாள் சீக்கிரம் பழுப்பாகும், ஏன்னா மரக்கூழ்ல லிக்னின் இருக்கு. ஆனா துணி ஆலைக் கழிவுல, பருத்திக் கந்தலை அரைச்சுச் செய்யற தாளும் மறுசுழற்சிதான், அது சாதாரண மரக்கூழ் தாளைவிட பல மடங்கு நாள் தாங்கும். சென்னை தாரா புக்ஸ்காரங்களைப் பாருங்க. 2006ல வந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகம் அப்படிப்பட்ட பருத்திக் கழிவுத்தாள்ல, கையால சில்க் ஸ்கிரீன் போட்டு அடிச்சது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதின்னு மூணு கோண்ட் ஓவியர்களோட மரங்கள். கறுப்புத்தாள்ல மை மேடா நிக்கறதை விரலால தடவிப் பார்க்கலாம். 2008ல போலோனியா விருதும் வாங்கிச்சு. அங்க யாரும் 'கழிவுத்தாளா, அய்யோ'ன்னு முகம் சுளிக்கல. இதே ஆளுங்க, ஸ்கிரீன் சோதிக்கறப்ப ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சுப் பாழாப்போற தாள்களையும் தூக்கிப் போடறதில்ல. 'ஃப்ளூக்புக்ஸ்'னு நோட்டுக்கு அட்டையாக்கி விக்கறாங்க. யானை மேல மரம், மரத்து மேல எழுத்துன்னு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. எனக்கு மூல புத்தகத்தைவிட அந்த நோட்டு ஒரு படி மேல பிடிக்கும், அடிக்க வராதீங்க.

இந்த ஊர்க்கதையும் ஒண்ணு இருக்கு. ஜேமி ரீட்னு ஒருத்தர், 1947ல இங்க குரோய்டன்ல பிறந்தவர், குரோய்டன் கலைப்பள்ளியில படிச்சவர். 1970ல நண்பர்களோட சேர்ந்து இங்கயே 'சபர்பன் பிரஸ்'னு ஒரு குட்டி அச்சகம் ஆரம்பிச்சார். எழுத்துருத் தாள் வாங்கக் காசு கிடையாது. பத்திரிகைத் தலைப்புகள்ல இருந்து எழுத்தை வெட்டி வெட்டி ஒட்டினார். ஆள் கடத்தறவன் எழுதின கடிதாசி மாதிரி இருக்கும். அதே வெட்டெழுத்துதான் 1977ல செக்ஸ் பிஸ்டல்ஸ் ரெக்கார்டு உறையில வந்து உலகப் புகழ் ஆச்சு. 2023ல அவர் காலமானப்ப எல்லாரும் அதைத்தான் எழுதினாங்க. ரீட் பூமியைக் காப்பாத்தவா கத்தரிக்கோல் எடுத்தார்? கைக்கு எட்டினது அது, எடுத்தார். அதையும் தாண்டி யோசிச்சா, 90கள்ல பொருளாதாரத் தடைக் காலத்துல யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்கள் பள்ளிக்கூடக் கொப்பித்தாள்லயும் அச்சாகி வந்ததே. அதுக்கு யார் பச்சை இலை ஒட்டினாங்க?

அதனாலதான் அந்த லேபிள் எனக்கு உறுத்துது. கணக்குப் பாருங்க. ஒரு டப்பா கையில வச்சா கனமே தெரியாது. அதுல நான் படம் போட்டதால உலகம் என்ன பொழைச்சுடப் போகுது? மை அப்பின டப்பா கடைசியில குப்பைக்குத்தானே போகுது. நிஜமான கெடுதல் வேற இடத்துல இருக்கு: தகட்டை அரிக்கற நைட்ரிக் அமிலம், கழுவற டர்பன்டைன், அந்தப் புகையை மூடின ரூமுக்குள்ள நாள் பூரா மூச்சா இழுக்கற ஆளுங்க. டப்பா வேலையில அமிலமே வேண்டாம். எண்ணெய் மையை ரெண்டு சொட்டு சமையல் எண்ணெய் விட்டுத் துடைச்சு, அப்புறம் பாத்திரச் சோப்பு போட்டா போயிடும் (துடைச்ச துணியை மட்டும் சிங்க்ல அலசிடாதீங்க). லேபிள்ல எழுதணும்னா இதை எழுதலாம். யாரும் எழுதறதில்ல, அழகா இருக்காதே!

விலையும் அப்படித்தான். "டப்பாதானே, கம்மியா குடுக்கக்கூடாதா?"ன்னு கேக்கறாங்க. வெள்ளித்தோலை உரிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆகுது. தகடு ஓசியா வந்ததுக்கு என் ராத்திரி ஏன் ஓசி ஆகணும்? செம்புல செய்யற கூட்டாளி கேக்கற விலையைத்தான் நானும் கேக்கறேன். அடுத்த மாசம் சரே ஸ்ட்ரீட் சந்தைப் படம் ஆறு பிரதி முடியும், பருத்தித்தாள்ல. பின்னாடி பென்சில்ல 'ஜூஸ் டப்பா'ன்னு மட்டும் எழுதப்போறேன், செம்புக்காரங்க 'செம்பு'ன்னு எழுதற மாதிரி.

உங்க வீட்டு டப்பாவுல கீறிப் பார்த்தவங்க யாராவது இருந்தா படத்தைப் போடுங்க. குறிப்பா மடிப்புக்கோட்டை என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க.

பி.கு: இந்த வாரம் தகடுக்காகக் குடிச்ச மாம்பழ ஜூஸ் நாலு லிட்டர். அறைத்தோழர்களும் குடிக்க மாட்டேங்கறாங்க. உதவி தேவை.