கடைசி நூறு அடிக் குழாய்

தாராவியில் தண்ணீர் வரும் நேரம் நெருங்கிவிட்டால் சந்தில் யாருக்கும் தூக்கம் கிடையாது. குடமும் வாளியும் நீல டிரம்மும் வாசலுக்கு வந்துவிடும். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோதான் குழாய் ஓடும். அதற்குள் நாள் முழுவதற்கும் பிடித்து வைத்தாக வேண்டும். முதலில் குழாய் சீறும். பிறகு கலங்கலாகக் கொஞ்சம் வரும். சில நாட்களில் கட்டர் வாடையும் கூடவே வரும். "கொஞ்சம் விட்டுப் பிடிச்சா சரியாப் போயிடும்" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். தண்ணீர் தெளிகிறது, குடம் நிறைகிறது, வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுகிறார்கள். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மழைக்காலம் வந்ததும் அதே சந்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. ஒரு வீட்டில் மஞ்சள் காமாலை என்கிறார்கள்; அடுத்த வீட்டில் டைபாய்டு என்கிறார்கள். பழி வடாபாவின் மேலும், கடை எண்ணெயின் மேலும், பருவத்தின் மேலும் போகிறது. குழாயின் மேல் போவதில்லை.

ஏரியில் குற்றம் இல்லை

மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் ஏழு. 1860-இல் விகார் ஏரியில் தொடங்கிய ஏற்பாடு இது. துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தரணா, பாட்சா, மத்திய வைத்தரணா என்று பின்னர் வளர்ந்தது. நாள் ஒன்றுக்கு 350 கோடி லிட்டருக்கு மேல் நகருக்குள் வருகிறது. இதில் பெரும்பகுதி பாண்டுப்பில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு நீக்கி, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்பப்படுகிறது. அங்கிருந்து புறப்படும்போது அது குடிக்கத் தகுந்த நீர்தான். இந்த வகையில் மும்பை மாநகராட்சி பாராட்டுக்குரியது.

கேடு பெரும்பாலும் வழியின் முடிவில் நேர்கிறது. பெரிய குழாயிலிருந்து பிரிந்து சந்துக்குள் நுழையும் சின்னக் குழாய்கள் எங்கே போகின்றன? பல இடங்களில் கட்டரின் ஓரமாக. சில இடங்களில் கட்டருக்குள்ளேயே. இரும்புக் குழாய் ஈரத்தில் துருப்பிடித்து ஊசித்துளை விழுகிறது. இணைப்புகள் தளர்கின்றன. தண்ணீர் ஓடும்வரை அழுத்தம் இருப்பதால் உள்ளிருப்பது வெளியே கசியும். நேரம் முடிந்து வால்வை மூடியதும் குழாய் வெறுமையாகிறது. அப்போது வெளியே இருக்கும் கட்டர் நீர் அதே துளை வழியாக உள்ளே போகிறது. மறுநாள் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். பாண்டுப்பிலிருந்து இத்தனை மைல் சுத்தமாக வந்த தண்ணீர் கடைசி நூறு அடியில் கெட்டுப்போகிறது.

இது வெறும் யூகம் அன்று. கர்நாடகத்தின் ஹூப்ளி - தார்வாட் நகரில் சில வார்டுகளில் மட்டும் குழாய்களைப் புதுப்பித்து, 24 மணி நேரமும் தண்ணீர் விட்டார்கள். மற்ற வார்டுகளில் சில நாட்களுக்கு ஒரு முறை, சில மணி நேரம் என்ற பழைய முறையே இருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வகை வார்டுகளிலும் குழாய்நீரைச் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். விட்டு விட்டு வந்த தண்ணீரில் நூற்றுக்கு 30 மாதிரிகளுக்கு மேல் மலக்கிருமி இருந்தது. எந்நேரமும் வந்த தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஊர் ஒன்றுதான், குழாயும் அதில் இருந்த அழுத்தமும்தான் வேறு.

டெல்லி தந்த பாடம்

"குளோரின் போடுகிறார்களே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு 1955-ஆம் ஆண்டின் டெல்லி பதில் சொல்கிறது. அந்த ஆண்டு யமுனையில் வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் போக்கு மாறியது. நஜப்கர் சாக்கடையின் கழிவு நீர், வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்திற்கே வந்து கலந்தது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் நகரெங்கும் மஞ்சள் காமாலை பரவியது. 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டதாகக் கணக்கிட்டார்கள். அது ஹெப்படைடிஸ் 'இ' என்னும் வைரஸ் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. கர்ப்பிணிகளின் உயிருக்கே உலை வைக்கக்கூடிய நோய் அது. சாக்கடையைக் கலக்கவிட்டுப் பிறகு மருந்து போட்டால் போதாது. கலக்காமல் தடுப்பதே காவல்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி தெளிவாகவே இருக்கிறது. குடிநீர் 100 மில்லி லிட்டரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டுக் குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இது மலபார் ஹில்லுக்கு ஒன்று, தாராவிக்கு ஒன்று என்று எழுதப்பட்ட விதி அன்று.

சாக்குகள் மூன்று

இதைப் பற்றிப் பேசினால் மூன்று விதமான பதில்கள் வருகின்றன. "நமக்கென்ன, பிழைக்க வந்த ஊர்" என்பது முதல் பதில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இங்கேயே பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ஓட்டுப் போடுகிறார்கள். இன்னுமா இது பிழைக்க வந்த ஊர்?

"புனரமைப்பு வரப்போகிறது, கட்டடம் எழும்பினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது இரண்டாவது. வரும்போது வரட்டும். அதுவரை குழந்தை தண்ணீர் குடிக்காமல் இருக்குமா?

"கேன் வாங்கிக்கொள்ளலாம், பில்டர் மாட்டிக்கொள்ளலாம்" என்பது மூன்றாவது. மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கு அது முடியலாம். அடுத்த வீட்டில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு முடியாது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தால் நான்கு நாள் கூலி போகிறது. டாக்டர் செலவு தனி. கெட்ட தண்ணீருக்கு ஏழை கொடுக்கும் வரி அது.

தண்ணீர் கேட்பது சலுகை கேட்பதும் அன்று. உயிர் வாழும் உரிமையில் தண்ணீரும் அடங்கும். அனுமதியில்லாக் குடிசையில் இருப்பவருக்கும் அதை மறுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் மாநகராட்சியும் எல்லோருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை அறிவித்தது. தண்ணீர் என்றால் குடிக்கத் தகுந்த தண்ணீர் என்றுதான் பொருள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மாநகராட்சி முதலில் கட்டருக்குள் கிடக்கும் குழாய்களை மேலே எடுத்து வேறு வழியில் போட வேண்டும். சாக்கடை வாடை என்று புகார் வந்தால், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை அந்தச் சந்துக்கு டாங்கரில் நல்ல தண்ணீர் அனுப்ப வேண்டும். தண்ணீர் மாதிரிகள் எடுக்கப்படுவது உண்மை. ஆண்டறிக்கையில் வட்டார வாரியாகக் கணக்கு வருவதும் உண்மை. ஆனால் அந்த அறிக்கை சந்துக்கு வருவதில்லை. சோதனை முடிவை அந்தந்தச் சந்தின் முனையில் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான்.

குடியிருப்போரின் பங்கிலும் குறை இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர், தம் வீட்டுத் தொட்டியை நிரப்புவதோடு, கட்டர் நீரையும் சேர்த்து இழுத்து அக்கம்பக்கத்தாருக்கும் விநியோகம் செய்கிறார். பிளம்பருக்குக் கொஞ்சம் கொடுத்துக் கள்ள இணைப்பு எடுக்கிறவர், அந்த இடத்தில் ஒரு புதிய ஓட்டையைத் திறந்துவைக்கிறார். இவற்றை அரசாங்கம் வந்து நிறுத்தும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சால் கமிட்டி கூடிப் பேசினால் நிறுத்தலாம்.

தண்ணீரைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. குளோரின் பார்க்கும் சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குழாய்நீரில் அதற்குரிய மருந்தைச் சில சொட்டுகள் விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும். நிறமே வரவில்லை என்றால் குழாயில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது. நிறம் வந்துவிட்டால் மட்டும் முழுக் காவல் என்று சொல்வதற்கில்லை. டெல்லிக் கதை அதைத்தான் சொல்கிறது. ஆனால் வாரம் ஒரு முறை பார்த்துத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வந்தால், அதிகாரியின் முன் வைக்க ஆதாரம் ஆகிறது. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் வசூல் செய்யத் தெரிந்த தமிழ்ச் சங்கங்களுக்கு, சந்துக்கு ஒரு பெட்டி வாங்கித் தருவது பெரிய காரியமா?

குழாய் சீராகும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை சில. முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்கக் கூடாது. குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு இறக்க வேண்டும். மூடி வைத்த பாத்திரத்தில் கையை விடாமல், பிடி நீண்ட கரண்டியால் மொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் உப்பு - சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புகார் எழுத்தில் போக வேண்டும். 1916 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளலாம். தாராவிக்கு உரிய ஜி வடக்கு வார்டு அலுவலகத்தில் பத்துப் பேர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாய்ச்சொல் காற்றோடு போகும். முத்திரை விழுந்த காகிதம் பைலில் இருக்கும்.

இது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாள் முழுவதும் கம்பெனிக்காகக் கடிதம் எழுதுகிறவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சந்துக்காக ஒரு கடிதம் எழுதினால், எழுதத் தெரியாத அடுத்த வீட்டுக்காரரின் குழந்தைக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஏழு ஏரிகளின் தண்ணீர் சந்து முனைவரை சுத்தமாக வருகிறது. மீதியுள்ள நூறு அடியையும் அது அப்படியே கடக்க வேண்டும்.