கோபுரம் எங்கள் மலையில், கமரா கொழும்பில்

பதுளையில் தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்த் தொலைக்காட்சியில்தான் பதுளை இல்லை. இதைச் சொன்னால், "மாஸ்டருக்கு வேறு வேலையில்லையா?" என்கிறார்கள். இதுவும் என் வேலைதான்.

நமுனுகுல மலையில் அலைபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. கொழும்பு பேசுவதையெல்லாம் அவை கீழேயுள்ள தோட்டங்களுக்கு இறைக்கின்றன. கீழேயிருந்து ஒரு சொல்லாவது மேலே போகிறதா? ரூபவாஹினி 1982இல் வந்தது, சக்தி 1998இல், வசந்தம் 2009இல். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை எட்டு இலட்சத்துக்கும் மேல். மலையகத் தமிழர், முஸ்லிம்கள், இலங்கைத் தமிழர் மூவரையும் கூட்டினால் நாலில் ஒருவருக்கு மேல். இத்தனை பேருக்குத் திரையில் எப்போது இடம் கிடைக்கிறது? மண் சரிந்தால் கிடைக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தபோது கமராக்கள் வரிசையாக வந்தன. மற்றப்படி தைப்பொங்கலுக்குக் கொழுந்துக் கூடையோடு ஒரு தங்கச்சியைச் சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போவார்கள்.

விழாக்களின் கதையும் இதுதான். மலையகத்தாரின் இருநூறாவது ஆண்டுக்கான 'நாம் 200' விழா 2023 நவம்பர் 2இல் நடந்தது. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வந்தார். எங்கே வந்தார்? கொழும்பு சுகததாச உள்ளரங்குக்கு. பதுளை வின்சன்ட் டயஸ் மைதானம் என்ன கடலுக்குள்ளா கிடக்கிறது?

காட்டுவதற்கு ஊவாவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் மாசி மாதத்தில் தோட்டப்பக்கம் வந்து காமன் கூத்தைப் பார்க்கட்டும். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்கிற ஆசிரியர்களைக் கேட்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு மாதம் பாடுபட்டு வில்லுப்பாட்டுப் பழகி, மேடையில் பத்து நிமிடம் பாடிவிட்டு வீட்டுக்குப் போய் ரி.வி. முன்னால் உட்காருகிறது. அங்கே சென்னைப் பிள்ளை சினிமாப் பாட்டுப் பாட, மூன்று நடுவர்கள் அழுகிறார்கள். தன் பாட்டு பாட்டே அல்ல என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. சி.வி. வேலுப்பிள்ளை தேடிச் சேர்த்த தோட்டப் பாடல்களில் ஒன்றை வகுப்பில் சொல்லிக் கொடுத்தால், "இது எந்தப் படத்தில் சேர்?" என்று கேட்கிறார்கள்.

நமது சமூகத்தின் நிலை இதைவிட மோசம். வானொலிக் காலத்தில் 'கோமாளிகளின் கும்மாள'த்தில் மரிக்கார் என்றொரு பாத்திரம் இருந்தது; நடித்தவர் ராமதாஸ். அது 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. கேலிதான், ஆனாலும் மரிக்கார் கதைக்குள் இருந்தார். இன்றோ நோன்பு மாதத்தில் ஸ்ரூடியோவுக்குள் ஒரு கம்பளம், ஒரு பேரீச்சம்பழத் தட்டு, ஒரு மௌலவி. மீதிப் பதினொரு மாதமும் நாம் நாட்டிலேயே இல்லை. பக்கீர் பைத்தும் களிகம்பும் எவருடைய கமராவிலும் பதியாமலே போய்க்கொண்டிருக்கின்றன. தொலைக்காட்சியே ஹராம் என்பவரோடு எனக்கு வழக்கில்லை, அவர் பார்ப்பதில்லை. இஷா தொழுதுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சென்னைச் சீரியல் பார்ப்பவர் "நமக்கெதற்கு இதெல்லாம்?" என்று கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு கூட்டம், "இப்போது எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறதே" என்கிறது. இருக்கிறது. கலியாண வீட்டு டி.ஜே. ஆட்டம் அதில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது என்ன நடந்தது? மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கரண்ட் போயிற்று, ஃபோன் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் அரைகுறையாகவும் வந்தன என்று பரவலாக முறைப்பாடு எழுந்தது. லயன் எது, டிவிஷன் எது, எந்தச் சரிவுக்குக் கீழே எந்தத் தோட்டம் என்று தெரிந்த உள்ளூர் அறிவிப்பாளர் ஒருவர், பற்றறி ரேடியோவில் தமிழில் பேசியிருந்தால் அதன் பெறுமதி என்னவென்று அந்த இரவுகளைக் கடந்தவர்களுக்குத் தெரியும். 2000களின் தொடக்கத்தில் பதுளைக்கு 'ஊவா சமூக வானொலி' வந்தது. பெயரில் சமூகம், உரிமமோ அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையில். 1989இல் தொடங்கிய கொத்மலை வானொலிக்கும் அதே கதைதான்.

தமிழ்நாட்டில் நாகர்கோவில், திருநெல்வேலி போன்ற ஊர்களில் கேபிள்காரர்களே உள்ளூர்ச் சானல் நடத்தி, கோயில் கொடையையும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவையும் காட்டினார்கள். அதில் தரம் குறைவு, விளம்பரம் அதிகம். ஆனாலும் ஊர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் டான் இருக்கிறது.

நாங்கள் சானல் கேட்கவில்லை. வசந்தமும் நேத்ராவும் அரச நிறுவனங்களின் அலைவரிசைகள். தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் வரியும் அவற்றில் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணித்தியாலம், ஊவாவில் எடுத்து, ஊவாக்காரரே தயாரித்த நிகழ்ச்சி வேண்டும். பணமில்லை என்று பதில் வரும். அப்படியானால் பிள்ளைகளின் மேடையை நாங்களே பதிவுசெய்து அனுப்புகிறோம், ஒளிபரப்பட்டும். அதிபர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தோட்டத் தலைவர்மாரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு இதைக் கேட்கவேண்டும். கடிதம் தமிழிலேயே போகட்டும். பதிலும் தமிழில் வரவேண்டும் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.