டிஸ்சார்ஜ் சீட்டில் விடுபட்ட வரி

ஆணுறுப்பைப் பற்றி நம் ஊரில் பொதுவில் நடக்கும் பேச்சு, பழனியின் பெயரைச் சொல்லி லாட்ஜில் அறை எடுக்கும் பரம்பரை வைத்தியர்களின் போஸ்டரோடு முடிந்துவிடுகிறது. 'ஆண்மைக் குறைவு' அங்கே நன்றாக விலைபோகும். முன்தோலைப் பேசினால் காசு வராது போலும்.

பேச வேண்டிய விஷயம்தான். முன்தோல் தளர்வாக இருந்து, வலியோ வீக்கமோ இல்லாவிட்டால், நாள் முழுக்கப் பின்னாலேயே நின்றாலும் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆணுறுப்பின் மொட்டு சற்று வறளும், உடையில் உரசும். சுன்னத் செய்தவர்கள் வாழ்நாள் முழுக்க அப்படித்தானே இருக்கிறார்கள்? ஆபத்து, தோலின் வாய் இறுகியவர்களுக்கு. பின்னுக்குப் போன தோல் ரப்பர் வளையம்போல மொட்டின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். உள்ளே போன ரத்தம் திரும்ப வழியில்லாமல் வீங்கும். வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகும். கடைசியில் ரத்தம் உள்ளே போவதும் நின்று சதை அழுகத் தொடங்கும். பாராஃபைமோசிஸ் என்பது இதுதான். சீக்கிரம் வந்தால் மருத்துவர் கையால் அழுத்தி வீக்கத்தை வடித்தே தோலை முன்னே கொண்டுவந்துவிடுவார். தாமதித்தால் கத்திதான்.

இதை இளவட்டங்களின் சங்கதி என்று ஒதுக்க முடியாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட ஆய்வு. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் பூஞ்சை பிடிக்கும், தோல் வெடிக்கும், ஆறிய தழும்பு வாயை இறுக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால் இந்தத் தொற்று கூடுதலாக வரும். நல்ல மருந்துதான், கழுவித் துடைத்து உலர்த்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து.

இன்னொரு காரணம் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. மூத்திர டியூப் போடுபவர் தோலைப் பின்னே தள்ளுகிறார். போட்டு முடித்ததும் முன்னே இழுத்துவிட மறக்கிறார். உணர்வு மங்கிய முதியவருக்கு வலியைச் சொல்லத் தெரியாது.

சமவெளியில் இது கவனிக்கப்பட்டுவிடலாம். கொடைக்கானல் மேல்மலையில் கதை வேறு. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறத்தாழ 120 கி.மீ. இந்த ஊர்களில் டியூப் போட்டுக்கொண்டு மேல்மலைக் கிராமங்களான கிளாவரைக்கோ கவுஞ்சிக்கோ மூத்திரப் பையோடு திரும்பும் தாத்தாவை அடுத்து யார் பார்ப்பது? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் ஊர்ப் பெண் தன்னார்வலர். மகள் வயதுப் பெண்ணிடம் தாத்தா வாய் திறக்க மாட்டார். அந்தப் பெண்ணும் கேட்க மாட்டார். இருவரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே டியூப் போட்டவரை அனுப்பும் சீட்டில், 'தோல் முன்னே இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்' என்ற வரியை மருத்துவமனைகள் சேர்க்கட்டும். மேல்மலைக்கு மாதம் ஒருமுறையாவது ஓர் ஆண் செவிலியர் போகட்டும். வாசகர்களுக்கு: தோல் பின்னே மாட்டி வீங்கிவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள்.